நாலு நாள் கதவு

அலோன்சோவின் சேணம் வாசற்படியில் கிடந்ததை எங்கள் தெருவில் முதலில் பார்த்தவன் நான்தான். மிளகாய்ச் சரங்களை வெயிலில் போடக் கூரைமேல் ஏறியிருந்தேன். எங்கள் வீட்டுக்கும் லெத்தியின் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எட்டிப் பார்த்தால் அவர்கள் வாசல். சேணம், அதன்மேல் மடித்த கம்பளி, பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ், துணியில் முடிந்துவைத்த அவனுடைய வெள்ளிக் காப்பும் பாசிமணியும். கோபத்தில் வீசியவை அல்ல. யோசித்து, ஒவ்வொன்றாக எடுத்துவந்து வைத்தவை.

மிளகாயை அப்படியே போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

வெள்ளைக்காரர்கள் செவ்விந்தியர் என்று சொல்லும் எங்கள் சனத்தில் வீடு பெண்ணுடையது. சுவர், கூரை, சோள அறை, பிள்ளைகள் எல்லாம் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் உடன்பிறந்தவளுக்கும் சேர்ந்தவை. ஆண்கள் நாங்கள் கட்டிக்கொண்டு வந்து ஒட்டியவர்கள். ஒருத்திக்குப் புருஷன் வேண்டாமென்றால் வழக்கும் கிடையாது, பஞ்சாயத்தும் கிடையாது. சாமானை வாசற்படியில் வைத்தால் போதும். அவன் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ போய்விட வேண்டியதுதான். நானும் இந்தத் தெருவுக்கு அப்படி வந்து ஒட்டியவன். என் மனைவி பெர்னாவும் லெத்தியும் அக்கா தங்கச்சி மக்கள். அதனால் அலோன்சோ எனக்குச் சகலை.

அவன் மத்தியானத்துக்குமேல் வண்டியோடு வந்தான். கீழ்க்காட்டில் ஒடித்த கடைசிப் பாரம் சோளம். வாசலுக்கு வந்ததும் குதிரைகளை நிறுத்திவிட்டுச் சேணத்தைப் பார்த்தான். நான் என் வாசலில் கோடரிக்குப் பிடி செதுக்குவதுபோல உட்கார்ந்திருந்தேன்.

"சகல, இன்னைக்கி மழ வருமா?" என்றான்.

"வராதுன்னுதான் நெனக்கேன்."

"அப்ப சரி. சேணம் நனையாது."

சொல்லிவிட்டுச் சோளத்தை இறக்க ஆரம்பித்தான். வண்டி நிறைய இருந்ததைக் கூடை கூடையாக முற்றத்தில் கொட்டினான். வெள்ளை ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் என்று பிரித்துக் கொட்டினான். நான் போய் ஒரு கை கொடுத்தேன். உள்ளே யாரோ நடமாடும் சத்தம் கேட்டது. ஒருவரும் வெளியே வரவில்லை. வண்டியைத் துடைத்துவிட்டுச் சேணத்தையும் மூட்டையையும் ஏற்றினான். பூட்ஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"அடி தேஞ்சு போச்சு. இதையும் சேத்து வெச்சிருக்கா பாரு. குப்பையில போட்ருக்கலாம்."

"எவலீனா வீட்டுக்கா?"

"வேற எங்க போவேன்? உன் வீட்ல எடம் குடுப்பாளா பெர்னா?"

சிரித்தான். நானும் சிரித்தேன். வண்டி ஆற்றைத் தாண்டி மேற்கே போனது. அவனுடைய அக்கா எவலீனா ஊர்க்கோடியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

அந்த அக்காவால் வந்த வினைதான் இது. எவலீனாவின் புருஷன் ரயில்பாதை வேலைக்குப் போன இடத்தில் செத்துப்போனான். அவளுக்குச் சின்னச் சின்னதாகப் பிள்ளைகள். நூத்ரியா ஊற்றுப் பக்கம் இருந்த அவர்கள் காட்டில் அந்த வருஷம் கல்மழை அடித்துப் பயிர் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. அலோன்சோ பார்த்தான். லெத்தியின் சோள அறையிலிருந்து இரண்டு மூட்டையை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். கேட்கவில்லை. அவன் உழுது, அவன் களையெடுத்து, அவன் காக்கை விரட்டிக் காப்பாற்றிய சோளம்தான். ஆனால் காட்டில் நிற்கிறவரைக்கும்தான் அது ஆணுடையது. வீட்டுக்குள் வந்து பெண்கள் அதை வரவேற்று அடுக்கிவிட்டால் அவர்களுடையது. இது எங்கள் ஊரில் பிள்ளைக்கும் தெரியும்.

அவன் எடுத்தது போதாதென்று எடுத்த மூட்டைகளில் ஒன்று விதைக்கு வைத்த நீலச் சோளம். லெத்தியின் அம்மாதான் அதைக் கண்டுபிடித்தாள். அவள் குரல் சுவரைத் தாண்டி எங்கள் அடுப்படிவரை வந்தது.

"இந்த வீட்டுச் சோளத்துக்குக் கை கால் மொளச்சிருச்சாடி? தானா எறங்கி ஆத்தத் தாண்டிப் போயிருக்கு!"

லெத்தி அதிகம் பேசுகிறவள் அல்ல. அவனிடம் நேராகக் கேட்டிருக்கிறாள். பிறகு பெர்னாவிடம் அவளே சொன்னது இது.

"எடுத்தியான்னேன். எடுத்தேன்னாரு. எங்க அக்கா வீட்ல அடுப்பு எரியலன்னாரு. ஒரு வார்த்த எங்கிட்டக் கேக்கணும்னு தோணலையான்னேன். கேட்டா ஒங்கம்மா காதுல விழும்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்க்கா? நான் இந்த வீட்ல ஒரு ஆளே இல்லன்னுதான? கேட்ருந்தா நாலு மூட்ட குடுத்துருப்பேன். அம்மாவ மீறிக் குடுத்துருப்பேன்."

மறுநாள் காலையில் சேணம் வாசலில் இருந்தது.

இப்படி வெளியே போகிற புருஷன்கள் பாதிப்பேர் திரும்பி வந்துவிடுவார்கள். சண்டை ஆறும், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து உட்காருவான், அவளும் ஒரு கிண்ணத்தை எடுத்து முன்னால் வைப்பாள். அவ்வளவுதான். அலோன்சோவும் வந்துவிடுவான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பனி விழத் தொடங்கும் முன் ஒரு வண்டி பினியோன் விறகு லெத்தியின் சுவரோரம் வந்து கிடந்தது. யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. லெத்தி அதை எரித்தாள். அவளுடைய அண்ணன் வில்பர்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். அவனும் அலோன்சோவும் சேர்ந்தே ஆடு மேய்த்தவர்கள். இரண்டு பேருடைய ஆடுகளும் ஒரே மந்தை, ஒரே கூடாரம், ஒரே காப்பிக் கெட்டில். அலோன்சோ வெளியேறியதும் ஆடுகளைப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கிற அன்றைக்கு ஒருவரோடொருவர் பேசாமல், காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தார்கள்.

குளிர்காலத் தொடக்கத்தில் தெய்வங்கள் ஊருக்குள் வரும் ஷலாகோ விழாவுக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அவர்களை உள்ளே ஏற்று விருந்து வைக்கும் வீடுகளில் ஒன்று பெர்னாவின் குலத்தாருடையது. பெண்கள் நாள் முழுக்கச் சோளம் அரைத்தார்கள். வெளியே மண் அடுப்புகளில் ரொட்டி வெந்துகொண்டே இருந்தது. லெத்தி எங்கள் வீட்டில் கல்லின்முன் உட்கார்ந்து, நீல மாவுக் கரைசலைக் கையால் வழித்துச் சூட்டுக் கல்மேல் ஒரே இழுப்பில் பூசி, காகிதம்போல உரித்துச் சுருட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் சிவந்திருந்தன. நான் விறகு கொண்டுபோய்ப் போட்டபோது பெர்னா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளைக்குடி இப்படி?"

"ஷலாகோ வரட்டும்க்கா. எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் வந்து போற நேரம். அவரு பாட்டுக்கு வந்து உள்ள உக்காந்தா அம்மாகூட ஒண்ணும் சொல்ல மாட்டா."

"நீ கூப்பிட்டியா?"

"நான் எதுக்குக் கூப்பிடணும்? வழி தெரியாதா?"

விழாவின் கடைசி நாள் பகலில், ஆளைவிட இரு மடங்கு உயரமான ஷலாகோ தெய்வங்கள் ஆற்றைக் கடந்து போவதைப் பார்க்கக் கரை முழுக்கச் சனம். காற்று முகத்தை அறுத்தது. அலோன்சோ அங்கே நின்றான், தோளில் மகள் தீனா. மூன்று வயதுக் குழந்தை. கூட்டத்தில் அப்பனைக் கண்டதும் பாய்ந்து போயிருக்கிறது. எல்லாம் முடிந்து குழந்தையை வீட்டில் விட என்னோடு நடந்து வந்தான். லெத்தியின் வாசலில் அதை இறக்கிவிட்டான். அது உள்ளே ஓடியது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளிருந்து ஆட்டுக்கறியும் உமி நீக்கிய சோளமும் சேர்ந்து கொதிக்கும் வாசனை வந்தது.

"உள்ள போ சகல," என்றேன்.

"கூப்பிடட்டும்."

"கதவத் தொறந்து வெச்சிருக்காள்ல? இன்னும் என்ன தாம்பாளத்துல வெச்சா அழைப்பாங்க?"

"தொறந்துருக்கறது ஊருக்கு. எனக்கில்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அவ ஒரு வார்த்த சொல்லட்டும் சகல. அன்னைக்கி நான் ஒரு வார்த்த சொல்லலன்னுதான வெளிய வெச்சா? இப்ப அவ சொல்லட்டும்."

கொஞ்ச நேரம் நின்றான். உள்ளே லெத்தி பாத்திரத்தைக் கிளறும் சத்தம் கேட்டது. அவளுக்கு அவன் நிற்பது தெரியும். எனக்கு அது நிச்சயம். அவன் திரும்பி நடந்தான்.

அடுத்த வாரம் அவன் எவலீனாவின் ஆடுகளையும் தன்னுடையவற்றையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு உப்பு ஏரிப் பாதையில் தெற்கே போனான். வில்பர் வழக்கமான மேய்ச்சலுக்குப் போய்விட்டதால் அந்தப் பக்கம்தான் புல் மிச்சம். நல்ல புல். ஆனால் மரம் குறைவு, ஒதுங்க இடம் குறைவு. அங்கே குளிர்காலத்தில் இரண்டு ஆள் இல்லாமல் யாரும் மந்தை போட மாட்டார்கள். எவலீனாவின் பிள்ளைகள் ஒன்றும் அதற்கு வளரவில்லை. அவன் தனியாகப் போனான்.

பிறகு பனி வந்தது. அந்தப் பனியைப் பற்றி இப்போதும் ஊரில் பேசுவார்கள். நிற்காமல் கொட்டியது. காலையில் கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர் நிற்கும். கூரை இடியாமல் இருக்க ஆண்கள் ஏறித் தள்ளிக்கொண்டே இருந்தோம். கிழக்கே சோளமலை இருந்த இடமே தெரியவில்லை. வில்பர் தன் ஆடுகளை ஊர்ப்பக்கம் கொண்டுவந்து சேர்த்துவிட்டான், பாதிக்குப் பாதி இழப்போடு. அலோன்சோவைப் பற்றித் தகவல் இல்லை.

பனி விட்டு வெயில் அடித்த அன்று வில்பர் என் கதவைத் தட்டினான். தாடியில் பனி ஒட்டியிருந்தது.

"மாப்ளே, குதிரைய எடு."

"எங்க?"

"எங்கன்னு தெரியாதா? ரொட்டி கொஞ்சம் எடுத்துக்க. கித்தானும் கயிறும் எங்கிட்ட இருக்கு."

லெத்தி தன் வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள்.  உள்ளே போய் வறுத்த சோளமாவு ஒரு பையும் ஒரு கம்பளியும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "அத்தான், இதப் போத்திக் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

குதிரைகள் வயிறு வரை புதைந்தன. இறங்கி நடந்தோம், ஏறினோம், மறுபடி இறங்கினோம். வழியில் ஒரு பாறை ஒதுக்கில் தங்கிவிட்டு மறுநாளும் போனோம். வில்பர் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தான்.

"மடையன். ரெண்டு ஆள் காட்டுக்கு ஒரு ஆளாப் போறான். ஒரு வார்த்த எங்கிட்ட வந்து 'மச்சான், கூட வா'ன்னா வாய்ல இருக்கற முத்து கொட்டிருமா?"

"நீ பேசுனியா அவன்கிட்ட?"

"நான் எதுக்குப் பேசணும்? என் தங்கச்சி வீட்டு வெதையத் தூக்கிட்டுப் போனவன்." கொஞ்ச தூரம் போய்விட்டு, "பேசிருக்கலாம்," என்றான்.

முதலில் ஆடுகளைத்தான் பார்த்தோம். ஒரு செம்பாறைச் சரிவின் அடியில், காற்று படாத மடிப்பில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முதுகில் பனிக்கட்டி. ஆனால் உயிரோடு, ஏறக்குறைய எல்லாமே உயிரோடு. அவற்றின் காலடியில் ஜூனிப்பர் கிளைகள், பட்டைவரை கடித்துத் தின்றவை. புல் புதைந்ததும் அவன் மரம் மரமாகப் போய்க் கிளைகளை வெட்டி இழுத்து வந்து போட்டிருக்கிறான். இழுத்த தடம் பனியில் ஓடை மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு தடம் அல்ல, பல தடங்கள். பக்கத்து மரங்கள் மொட்டையாக நின்றன. அதற்கப்பால் உள்ளவை, அதற்கும் அப்பால் உள்ளவை. கடைசித் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனோம்.

மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். கைகளைச் சட்டைக்குள் விட்டு முழங்காலை மடக்கி, களைப்பாற உட்கார்ந்தவன்போல. கோடரி பக்கத்து மரத்தில் கொத்தியபடி நின்றது. வெட்டிய கிளைகளைக் கயிற்றில் கட்டித் தயாராக வைத்திருந்தான்.

வில்பர் போய் அவன் முன்னால் குந்தினான்.

"மாப்ளே," என்றான். "மாப்ளே, ஏந்திரி."

அவன் கன்னத்தில் ஒட்டிய பனியைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டான். நான் லெத்தி கொடுத்த கம்பளியை விரித்தேன்.

கால்களை நீட்ட முடியவில்லை. அப்படியே சுற்றிக் கட்டி, கிளைகளைப் பரப்பிக் கித்தானில் வைத்து என் குதிரைக்குப் பின்னால் இழுத்துப் போகும்படி செய்தோம். அவன் வெட்டிவைத்த கிளைகள்தான். மிச்சத்தை வில்பர் தோளில் போட்டு ஆடுகளிடம் இழுத்துக்கொண்டு போனான்.

"நீ கொண்டு போ. நான் இங்க இருக்கேன்," என்றான்.

"தனியாவா?"

"பின்ன? இதுங்கள விட்டுட்டு வந்தா அவன் செத்ததுக்கு என்ன பலன்?" கிளைகளை உதறிப் போட்டான். ஆடுகள் முண்டியடித்தன. "எங்க வீட்டுக்குக் கொண்டு போ. தங்கச்சி வீட்டுக்கு. அக்கா வீட்டுக்கில்ல."

 திரும்புகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். ஊருக்கு வெளியே பாதை பிரிகிற இடத்தில் குதிரையை நிறுத்தினேன். சாமானை வெளியே வைத்தபின் ஒருவன் பொண்டாட்டி வீட்டு ஆள் அல்ல. அவன் பிறந்த வீட்டு ஆள். அவனைக் கழுவ வேண்டியது அவன் அப்பன் குலத்துப் பெண்கள். அவர்கள் வந்து அழவேண்டிய வீடு அவன் அக்கா வீடு. நான் எவலீனாவின் வாசலுக்குத்தான் போனேன். இன்றைக்குக் கேட்டாலும் அங்கேதான் போவேன்.

எவலீனா வெளியே வந்து கித்தானைப் பார்த்தாள். மூட்டையின் உருவத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 

"உள்ள கொண்டாங்க," என்றாள். "ஏன் இப்படி உக்காந்துருக்கான்? கால நீட்டி விடுங்க."

"நீட்ட வரல எவலீனா."

அப்பன் குலத்து அத்தைகள் வந்தார்கள். யூக்கா வேரை நசுக்கி நுரை எழுப்பி வைத்தார்கள். ஆனால் கழுவ முடியவில்லை. அவன் இளகும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அடுப்பிலிருந்து தள்ளி ஆட்டுத்தோலில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். எவலீனா வெந்நீரில் துணியை நனைத்து நனைத்து முழங்கால்களில் ஒற்றிக்கொண்டே இருந்தாள். துணி ஆறினால் மறுபடி நனைப்பாள். அவள் பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து மாமனைப் பார்த்துக்கொண்டிருந்தன. உருகிய தண்ணீர் தரையில் ஓடியது. ஒரு அத்தை மண்ணைத் தூவி அதை உறிஞ்சவைத்தாள்.

அப்போதுதான் லெத்தி வந்தாள். தலையில் கறுப்புச் சால்வை. பின்னால் பெர்னா. எவலீனா துணியைக் கீழே வைத்துவிட்டுக் கதவுக்கு வந்து நிலையில் கையை ஊன்றி நின்றாள்.

"எங்க வந்த?"

"பாக்கணும் மதினி."

"மதினியா? அந்த மொற வாசப்படியோட போச்சு."

"போகல. நான் அவர உள்ள கூப்பிடத்தான் இருந்தேன்."

"எப்போ? பனி உருகுனப்புறமா?"

 எவலீனாவுக்கு அடக்கிவைத்தது பொங்கியது.

"ரெண்டு ஆள் நிக்கற காட்டுல ஒத்த ஆளா நின்னுருக்கான். ஒன் அண்ணன் கூட இருந்துருந்தா ஒருத்தன் வெட்டிருப்பான், ஒருத்தன் தீ போட்ருப்பான். ரெண்டு மூட்டைடி. ரெண்டு மூட்டைக்கு ஒரு ஆளு!"

"அந்த ரெண்டு மூட்டைய நீதான தின்ன மதினி," என்றாள் லெத்தி.

மெதுவாகத்தான் சொன்னாள்.  பெர்னா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். எவலீனாவின் முகம் கல்லாகிவிட்டது.

"ஆமா. தின்னேன். என் பிள்ளைங்களும் தின்னுச்சு. இனி சாகுற வரைக்கும் எந்தச் சோளத்தத் தின்னாலும் அதுதான் ருசிக்கும். போதுமா? போ."

லெத்தி போனாள்.

மறுநாள் பகலில் ஆண்கள் அவனைப் பாதிரிகள் கட்டிய பழைய கோயில் முற்றத்தில், ஆண்களுக்கான தென்புறத்தில் புதைத்தோம். மண் இறுகிக் கிடந்தது. தீ மூட்டி இளக்கிக் கடப்பாரை போட்டுத் தோண்டினோம். பெண்கள் அங்கே வருவதில்லை. நான் நிமிர்ந்தபோது தூரத்தில் தன் வீட்டுக் கூரைமேல் லெத்தி நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் மண்ணைத் தள்ளி முடிக்கும்வரை நின்றாள்.

இறங்கி வந்து வீட்டுக் கதவைத் திறந்துவைத்தாள். முழுக்க அல்ல, ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு. ஒரு கல்லை முட்டுக்கொடுத்தாள். பிறகு அடுப்பிலிருந்து தூரமாக, கதவுக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

செத்தவர்கள் நாலு நாள் வீட்டைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அதற்குப்பிறகுதான் மேற்கே, செத்தவர்கள் வாழும் ஏரிக்குப் போவார்கள். அதுவரை அவர்களுக்காகக் கதவைச் சாத்தக்கூடாது. புருஷனை இழந்தவள் உப்பும் கறியும் தொடாமல், நெருப்பண்டை போகாமல், யாரையும் தீண்டாமல் நாலு நாள் இருக்கவேண்டும். அதற்குமேல் ஒரு வருஷம் வேறு ஆணை நினைக்கக்கூடாது. இதையெல்லாம் ஒரு பெண் விரும்பி ஏற்கமாட்டாள். லெத்தி ஏற்கத் தேவையும் இல்லை.

அவள் அம்மா அதைத்தான் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் கேட்டோம்.

"நீ அறுத்துவிட்டவ. அறுத்தவளுக்கு என்னடி துக்கம்? அங்க அவன் அக்கா வீட்ல கதவு தொறந்து கெடக்குல்ல, அது போதும் அவனுக்கு."

"அறுத்தேன்னு யாரு சொன்னா? வெளிய வெச்சேன். அவ்வளவுதான்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"எனக்குத் தெரியும்மா."

"கொழந்த இருமுது. கேக்குதா ஒனக்கு? வெளிய தண்ணி வெச்சா கல்லாகுது. செத்தவனுக்காக இருக்கறதையும் கொல்லுவியா?"

 பிறகு லெத்தி சுவரைத் தட்டினாள். "அக்கா, தீனாவக் கொண்டு போயிருங்க."

பெர்னா போய்க் குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிவந்தாள். லெத்தி அதைத் தொடவில்லை. அது அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தியது. லெத்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கிழவியையும் அழைத்தோம்.

"வாங்க அத்தை, எங்க வீட்ல படுத்துக்கங்க."

"இது என் வீடு. நான் எங்க போவேன்?" என்றாள். இருந்த கம்பளிகளையெல்லாம் போர்த்திக்கொண்டு அடுப்போடு ஒட்டி உட்கார்ந்தாள். மகளை ஏசிக்கொண்டே உட்கார்ந்தாள். பிறகு ஏச்சும் நின்றுவிட்டது. விதை மூட்டை காணோமென்று முதலில் கத்தியவள் அவள்தான். அந்த நாலு நாளும் அவள் அந்த அறையைவிட்டு நகரவில்லை.

தினமும் இருட்டு பிரியும் முன்பே லெத்தி எழுந்து ஊருக்கு வெளியே போய்ச் செத்தவர்களுக்கான கறுப்புச் சோளமாவைப் பாதையில் தூவிவிட்டு வருவாள். அப்புறம் அதே இடத்தில் உட்காருவாள். பெர்னா உப்பில்லாத கூழைக் கொண்டுபோய் எட்ட வைப்பாள். சில வேளை குடிப்பாள். சில வேளை அது அப்படியே உறைந்திருக்கும். மூன்றாம் நாள் காற்று திரும்பி வடக்கிலிருந்து அடித்தது. கதவிடுக்கு வழியாகப் பனித்தூள் உள்ளே சரிந்து அவள் பாவாடை நுனிவரை ஒரு வரப்புக் கட்டியது. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பெர்னா வீட்டுக்கு வந்து அழுதாள். "அவளும் போயிருவா போலிருக்கு. நீங்க போய்ச் சொல்லுங்க." நான் என்ன சொல்வது? போய்க் கதவுக்கு வெளியே காற்று வரும் பக்கத்தில் ஒரு பழைய கம்பளியைத் தொங்கவிட்டேன். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போயிற்று.

அந்த மத்தியானம்தான் எவலீனா வந்தாள். ஆற்றைக் கடந்து, பனியில் தடுமாறி, தனியாக வந்தாள். நான் கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். கதவிடுக்கில் நின்று உள்ளே பார்த்தாள். நுழையவில்லை.

"ஏ லெத்தி."

 குழந்தையை அனுப்பியதிலிருந்து லெத்தி யாரிடமும் பேசுவதில்லை.

"என் பிள்ளைங்க குளுர்ல நடுங்குது. சின்னவன் விரல் வெளுத்துப் போச்சு. என்னால முடியல." மூச்சு வாங்கினாள். "நான் கதவச் சாத்திட்டேன்."

எவலீனா நிலையில் ஒட்டிய பனியைக் கையால் தட்டிவிட்டாள்.

"இங்கதான் தொறந்து கெடக்குல்ல. இங்கயே வரட்டும். அங்க வந்து தட்டிட்டு நிக்கமாட்டான். அவனுக்கு வழி தெரியும்."

கிழவி போர்வைக்குள்ளிருந்து, "உள்ள வா, எவலீனா. காப்பி இருக்கு," என்றாள்.

"வேணாம்," என்றாள். திரும்பினாள். இரண்டடி வந்ததும் கூரையில் என்னைப் பார்த்துவிட்டாள். "என்னத்தப் பாக்கறீங்க? பனியத் தள்ளுங்க, அவங்க கூர எறங்கிறப் போகுது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வீட்டில் விறகு இருந்தது. அலோன்சோ அவளுக்கும் ஒரு வண்டி போட்டிருந்தான். பிள்ளைகளுக்காகத்தான் சாத்தினாளா என்று நான் கேட்டதில்லை. அதன்பின் அவர்கள் இருவரும் ஒட்டி உறவாடினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வழியில் பார்த்தால் ஒதுங்கிப் போவார்கள். தீனா மட்டும் அத்தை வீட்டுக்குப் போய் வருவாள். வில்பர் பனி கரைந்ததும் ஆடுகளை ஓட்டிவந்து எவலீனாவின் பட்டியில் சேர்த்தான். கையில் இரண்டு விரல் போயிருந்தது. அடுத்த குளிர்காலம் அவள் ஆடுகளும் அவனோடுதான் மேய்ந்தன.

நாலு நாள் முடிந்த காலை. லெத்தி விடியுமுன் போய்விட்டு வந்தாள். பெர்னா யூக்கா நுரையில் அவளுக்குத் தலைகழுவி விட்டாள். வெளியே கொட்டிய தண்ணீர் விழுந்த இடத்திலேயே இறுகியது. பிறகு லெத்தி முட்டுக் கல்லைக் காலால் நகர்த்திவிட்டுக் கதவைத் தள்ளினாள். அது அசையவில்லை. கீழே நிலைப்படி முழுக்கப் பனி உருகி உருகி உறைந்து கட்டியாகியிருந்தது. நான் கோடரியைக் கொண்டுபோனேன்.

"பாத்து வெட்டுங்க அத்தான்," என்றாள். குழந்தையை அனுப்பியபின் அவள் பேசிய முதல் பேச்சு. தொண்டை கட்டியிருந்தது.

கொத்திக் கொத்திப் பெயர்த்தேன். கதவு மூடியது. அவள் சற்று நேரம் அதன்மேல் இரு கையையும் வைத்தபடி நின்றாள். பிறகு அடுப்பண்டை போய்க் குந்தினாள். கிழவி ஒரு விறகை எடுத்துத் தீயில் வைத்தாள். அப்புறம் இன்னொன்று.

அறை சூடேற ஆரம்பித்தது. சுவரோரம் அடைந்து கிடந்த பனி கரைந்து தரையெங்கும் பரவியது. பெர்னா துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"விடுக்கா," என்றாள் லெத்தி. துணியை வாங்கிக்கொண்டாள். "தீனா வெறுங்காலோட வருவா. நான் தொடச்சுக்கறேன்."